கிட்டத்தட்ட

வேலை முடிய இன்னும் நாற்பது நிமிடம்.
படிவம் ஒரு பக்கம்தான்.
தலைப்பில் கொட்டை எழுத்தில்
பைனாஹே-உன்ஃபால்.
கிட்டத்தட்ட விபத்து.

நேரம்: இரண்டு ஐம்பது.
இடம்: பிராட்டெல்ன், ஏழாம் மண்டபம், நிரப்புமேடை இரண்டு.
பொருள்: டொலுயீன், இருநூறு லீற்றர்.
இவ்வளவும் எழுதிவிட்டேன்.
"என்ன நடந்தது?" என்ற கட்டத்தில்
பேனை நிற்கிறது.

ஒன்றும் நடக்கவில்லை.

அதைத்தான் எழுத வேண்டும்,
ஒன்றும் நடக்காததை
நாலு வரியில், பிழையில்லாத ஜெர்மனில்.
முன்பு பேர்ணில் ஒரு படிவத்திலும் இதே கேள்வி.
அன்று நடந்தது நிறைய,
கட்டம் சிறிது.

டொலுயீனைப் பார்த்தால் தண்ணீர் என்பீர்கள்.
அதன் ஆவியைப் பார்க்கவே மாட்டீர்கள்.
காற்றைவிடப் பாரம்; மேலே எழாது.
தரையோடு தரையாய் வழிந்து
கதவிடுக்கால் வெளியே போய்
யாரோ பற்றவைத்த சிகரெட்டை விசாரித்துவிட்டு
வந்த வழியே
நெருப்பாய்த் திரும்பும்.

முதல் வாரம் மூக்கு சொன்னது.
இரண்டாம் மாதம் சொல்வதை நிறுத்திக்கொண்டது.
சுவரில் இருக்கும் பெட்டி மட்டும்
பழக்கப்படாமல் முகர்ந்துகொண்டிருக்கிறது.

நாலு பாகை போதும் அதற்கு.
வெளியே மைனஸ் ஆறு, றைன் கரைப் புல்லெல்லாம் வெள்ளை.
உள்ளே நாங்கள் விறைக்காமலிருக்கப் பதினெட்டு.
எங்களுக்கு இதமான சூடெல்லாம்
அதற்கும் இதம்.

நடந்தது இதுதான், அல்லது நடக்காதது:
மேடை இரண்டின் பச்சை விளக்கு
புதன்கிழமையிலிருந்து கண்ணடிக்கிறது.
கவ்வியை மாட்டினாலும் பம்ப் ஓடாது.
அதற்கு ஒரு சாவி உண்டு.
திருப்பினால் விளக்கைக் கேளாமல் ஓடும்.
லியோனுக்குப் போகும் லொறி ஐந்து மணிக்கு.
திருப்பினேன்.

நிரம்பிய பிறகுதான் கண்டேன்,
கவ்வியின் பற்களில் நீலச் செதில்கள்.
புதுப் பீப்பாய், தடித்த பெயின்ற்.
பல் இரும்பைத் தொடவே இல்லை.
நாலு நிமிடம்
அந்தப் பீப்பாய்க்கும் பூமிக்கும்
பேச்சுவார்த்தை இல்லை.

குழாய்க்குள் ஓடும்போதே அது மின்னேறும்.
ஏறியது இறங்க ஒரு வழி தேடும்.
பீப்பாயின் வாயருகே நீண்டிருந்த என் விரல்
ஒரு வழி.

நேற்றிரவு மகள் கம்பளிச் சட்டையைக் கழற்றினாள்.
இருட்டில் நீலமாய்ப் படபடவென்று பொரிந்தது.
இன்னொருக்கா, இன்னொருக்கா என்று
திரும்பப் போட்டுக் கழற்றினாள்.
நானும் சிரித்தேன்.
அவ்வளவு சின்னப் பொரி போதும்.

எழுதாதே என்கிறான் பெஸ்னிக்.
"சாவியை எல்லோரும்தான் திருப்புகிறோம்.
எழுதினால் சாவியும் போகும், மேடையும் மூடும்,
மாத முடிவில் போனஸும்."
ஜாகோவாவில் அவன் கட்டும் வீடு
இன்னும் கூரை காணவில்லை.
அவன் சொல்வதில் பொய்யே இல்லை.
அதுதான் கஷ்டம்.

தமிழில் இதற்கு மயிரிழை என்போம்.
மயிரிழையில் தப்பினேன் என்றால்
அம்மன் புண்ணியம் என்று எவராவது சொல்லிவிட்டுப் போவார்கள்.
இங்கே அந்த இழையை அளந்து
திகதி போட்டு
கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும்.

"பச்சை விளக்கு எரியாதிருந்தும் நான் சாவியை"
என்று எழுதிவிட்டேன்.
இந்த மாதிரி வாக்கியங்களில்
ஜெர்மனும் எங்கள் மொழிபோல
வினைச்சொல்லைக் கடைசிக்கு வைத்திருக்கும்.
அது வரும்வரை
நான் சாவியை எடுத்திருக்கலாம், மறந்திருக்கலாம்,
தொடாமலே விட்டிருக்கலாம்.

பெஸ்னிக் கோப்பையைக் கழுவாமல் எழுந்து போனான்.
கதவு அறைந்தது.
கொஞ்ச நேரத்தில் மண்டபத்திலிருந்து
வெண்கலத் தூரிகை உரசும் சத்தம்.
நாளைக்குரிய வெறும் பீப்பாய்களின் விளிம்பை
ஒவ்வொன்றாய்
இரும்பு தெரியும்வரை சுரண்டுகிறான்.

வெளியே லியோன் லொறி
எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கிறது.

திருப்பினேன்.